இரண்டாவது கேள்வி: கெடாத் தமிழரும் அரசியல் ஒலிபரப்பாளரும்

(சுங்கைப்பட்டாணியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்பவர்களின் பாணிகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பை எடுத்தவர்கள் நேரே லண்டனுக்கும் டில்லிக்கும் போய்விடுவது வழக்கம். நானும் போகத்தான் போகிறேன். ஆனால் நம் கெடா மாநிலத் தோட்டங்களையும் பட்டணங்களையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் போவேன். கேள்வி கேட்கும் கலைக்கு இங்கேயும் ஒரு வரலாறு இருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பேட்டியாளரை அவருடைய முதல் கேள்வியை வைத்து எடைபோட முடியாது. முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடலாம். பதிலைக் கேட்டபின் அந்தப் பதிலிலிருந்தே எழுப்புகிற இரண்டாவது கேள்விதான் அவருடைய சொந்தச் சரக்கு. மலேசியத் தமிழ் ஒலிபரப்பில் நல்ல குரல் உண்டு, நல்ல உச்சரிப்பு உண்டு, பண்பு உண்டு. இரண்டாவது கேள்வி மட்டும் அரிதாக இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களோ நம் தோட்டங்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

1. மேலிருந்து வந்த குரல்

நம் வட்டாரத்துக்குத் தமிழ் வானொலி புதிதல்ல. 1934-இலேயே பினாங்கு வானொலிச் சங்கத்தார் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். போருக்குப் பிறகு, 1946 ஏப்ரலில், சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ரேடியோ மலாயா பிறந்தது. தமிழுக்கும் அதில் இடம் இருந்தது.

1948-இல் அவசரகாலம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. மின்சாரம் இல்லாத இடங்களில் அவை பேட்டரியில் ஓடின. லயத்து மக்கள் ஓரிடத்தில் கூடிக் கேட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மக்களின் மனத்தை அரசின் பக்கம் திருப்புவதே நோக்கம். பெட்டி பேசியது, மக்கள் கேட்டார்கள். மக்கள் பேச, பெட்டிக்குக் காது இல்லை.

அந்தப் பிரசாரப் பணிக்குத் தலைவராக 1950-இல் மலாயாவுக்கு வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி. ஏறத்தாழ ஓராண்டு இங்கே இருந்தார். அதே மனிதர் 1960 முதல் 1969 வரை பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்தார். அமைச்சர்களையும் பிரதமரையும் வாரந்தோறும் கேலி செய்த நையாண்டி நிகழ்ச்சி பிபிசி தொலைக்காட்சியில் வந்தது அவர் காலத்தில்தான். லண்டனில் அதிகாரத்தை எள்ளி நகையாட இடம் கொடுத்தவர் மலாயாவில் அதிகாரத்தின் குரலாகவே வானொலியை நடத்தினார். ஆள் ஒருவர்தான். அமர்ந்த நாற்காலியும் அந்த நாற்காலியைக் கொடுத்தவர்களும் வேறு. ஒரு பேட்டியாளரின் பாணி அவருடைய சுபாவத்தால் மட்டும் அமைவதில்லை, அவரை நியமித்தவர் யார் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. 1963 டிசம்பர் 28-இல் தொலைக்காட்சி வந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் தகவல் அமைச்சின் கீழ் இயங்கின. நாட்டு நிர்மாணம் என்பதே அவற்றின் முதல் கடமை என்று வகுக்கப்பட்டது. இதை ஆராய்ந்து எழுதியவர் நம் பீடோங்கில் 1940-இல் பிறந்த ரெ. கார்த்திகேசு. தமிழ்நாடு வரை அவரை நாவலாசிரியராக அறிவார்கள். ஆனால் அவர் வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றியவர். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியராக இருந்தவர். 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சியின் வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதியவர். அந்த நூலை டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்டது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் தொலைக்காட்சி எப்படி அரசின் கருவியாகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர் கெடாக்காரர் ஒருவர் என்பது நமக்குப் பெருமை. அவருடைய கதைகளுக்கு நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். இந்த ஆய்வுகளைத் தமிழில் விவாதிக்கத்தான் மறந்துவிட்டோம்.

2. கேட்கத் தெரிந்த மக்கள்

பெட்டிக்குக் காது இல்லாத காலத்திலும் மக்களுக்கு வாய் இருந்தது. போர் முடிந்த கையோடு பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை ஏன் தோட்டத்துக்குள் இருக்க வேண்டும், கூலி ஏன் இவ்வளவு குறைவு, துரை முன்னால் ஏன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கேள்விகளைத் தோட்ட மக்கள் வெளிப்படையாகக் கேட்ட காலம் அது. 1947-இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிர்கள் போயின. கேள்விக்கு விலை இருந்தது, விலை கொடுத்தும் கேட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில், உலகமே கெடாவைப் பார்த்தது. பாலிங் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும் மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லொக்கும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கின் எதிரே அமர்ந்தார்கள். துங்கு இங்கிலாந்தில் சட்டம் படித்தவர். மார்ஷல் குற்ற வழக்குகளில் பேர்போன வழக்கறிஞர். சரணடைவதா, ஆயுதத்தைக் கீழே வைப்பதா, கட்சிக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டு நாளும் கேள்வியும் மறுகேள்வியுமாகப் போயிற்று. உடன்பாடு ஏற்படவில்லை. ஆனால் இரு தரப்பும் எங்கே நிற்கின்றன என்பது ஊருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேட்டியின் பயனும் அதுதான். எதிரே இருப்பவரை மாற்றுவது கேட்பவரின் வேலை இல்லை. அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கேட்போருக்குக் காட்டினால் போதும். பாலிங்கில் அந்த வேலையை அரசியல்வாதிகளே செய்துகொண்டார்கள். செய்தியாளர்கள் அறைக்கு வெளியே காத்திருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுவந்த காலத்தில், 1960-இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டமான புக்கிட் சீடிம் நம் கெடாவில்தான் இருக்கிறது. நாள் கூலி வாங்கும் ஒரு பால்மரத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சாதாரணப் பணமா? தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கம் சொல்லித்தான் அந்தப் பணத்தைத் திரட்ட முடிந்தது. பணம் கொடுப்பவன் கேள்வி கேட்காமல் கொடுக்க மாட்டான். கோயில் மண்டபத்திலும், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலும் எழுந்த அந்தக் கேள்விகளை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தால், இன்றைக்கு ஒலிபரப்பு படிக்கும் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இருக்காது.

தோட்டத்துக் கேள்வி ஒன்றின் அமைப்பைக் கவனியுங்கள். தோட்டத்துப் பெரியவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, கோவிச்சுக்காதீங்க. போன எலெக்‌ஷனுக்கு வந்தப்பவும் இதத்தானே சொன்னீங்க?” என்பார். ‘ஐயா’ என்பதில் மரியாதைக்குக் குறைவில்லை. ‘போன எலெக்‌ஷன்’ என்பதில் ஆதாரம் இருக்கிறது. ‘தானே’ என்பதில் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. பணிவும் கண்டிப்பும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து இருக்கலாம் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை.

3. லண்டன், டில்லி, சென்னை

இருந்தாலும் வெளியே ஒரு சுற்றுப் பார்த்து வருவோம். பிரிட்டனில் 1955 வரை அமைச்சர்களிடம் பேட்டி எடுப்பது என்றால், தாங்கள் மக்களுக்குச் சொல்ல விரும்புவது என்ன என்று பணிவோடு கேட்டு ஒதுங்கிக்கொள்வதுதான். அந்த ஆண்டு தொடங்கிய ஐடிஎன் செய்தி நிறுவனத்தில் சேர்ந்த ராபின் டே அந்த வழக்கத்தை உடைத்தார். சட்டம் படித்தவர். 1958-இல் பிரதமர் ஹெரால்டு மெக்மில்லனிடம், அவருடைய வெளியுறவு அமைச்சர் மீது எழுந்திருந்த குறைகளைப் பற்றி நேருக்கு நேர் கேட்டார். பிரதமரிடம் இப்படியும் கேட்கலாமா என்று அந்த நாடே அப்போதுதான் யோசித்தது. நமக்கு ரேடியோ மலாயாவின் வழியாக வந்து சேர்ந்தது 1955-க்கு முந்தைய பாணி. அவர்கள் அதைக் கைவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம்.

1997 மே மாதம் ஜெரமி பாக்ஸ்மன், முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு தடவை கேட்டது புகழ்பெற்ற கதை. அடுத்த நிகழ்ச்சித் துண்டு தயாராகவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று அவரே பின்னாளில் சொன்னார். பதில் வரவில்லை என்பது அம்பலமானது, அது ஒரு பயன். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த பலர், ஒரே கேள்வியை விடாமல் கேட்பதுதான் வீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது முதல் கேள்வியின் எதிரொலிதான், இரண்டாவது கேள்வி ஆகிவிடாது.

இதற்கு எதிர்முனை டேவிட் ஃபிராஸ்ட். ஏற்கெனவே பதவி இழந்திருந்த அமெரிக்க அதிபர் நிக்சனோடு 1977-இல் ஏறத்தாழ 28 மணி நேரம் பேசிப் பதிவு செய்தார். முதலில் நிக்சனைப் பேச விட்டார். பின்னால் ஃபிராஸ்டின் ஆய்வுக் குழு நீதிமன்ற ஆவணங்களில் தேடிக் கண்டெடுத்த உரையாடல் பதிவுகளை முன்னால் வைத்தார். நாட்டு மக்களைக் கைவிட்டுவிட்டேன் என்று நிக்சனே சொல்ல நேர்ந்தது. குரலை உயர்த்தி வாங்கிய வார்த்தை அல்ல அது. வீட்டுப்பாடம் செய்து வாங்கியது.

இந்தியாவில் கரண் தாப்பர் வழக்கறிஞர் பாணிக்காரர். 2004-இல் ஜெயலலிதா அவரோடு பேசியது மகிழ்ச்சியளிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி முடித்தார். 2007-இல் நரேந்திர மோடி சில நிமிடங்களிலேயே எழுந்து போனார். நம் நாட்டிலும் 2018 அக்டோபரில், முன்னாள் பிரதமர் நஜிப், அல் ஜசீராவின் மேரி ஆன் ஜாலி எடுத்த பேட்டியின் நடுவில் எழுந்து போனதைப் பார்த்தோம். எழுந்து போகும் காட்சி பரபரப்பாக இருக்கும், நிறையப் பேர் பார்ப்பார்கள். ஆனால் காலியான நாற்காலியிடம் இரண்டாவது கேள்வி கேட்க முடியாது.

சென்னையில் சன் தொலைக்காட்சியின் ‘நேருக்கு நேர்’ மூலம் ரபி பெர்னார்ட் தமிழில் அரசியல் பேட்டிக்கு ஒரு வடிவம் கொடுத்தார். தயக்கமில்லாமல், சுற்றி வளைக்காமல், பேச்சுத் தமிழில் கேட்கலாம் என்று காட்டினார். பின்னாளில் அவரே அதிமுக சார்பில் மாநிலங்களவை உறுப்பினரானார். நம் ஊரில் இதற்கு நேர்மாறு நடந்தது. டத்தோ ஸ்ரீ ச. சாமிவேலு இளமையில் மலேசிய வானொலி தொலைக்காட்சியில் (ஆர்டிஎம்) தமிழ்ச் செய்தி வாசித்தவர். ஒலிவாங்கியின் நெளிவு சுளிவெல்லாம் அறிந்தவர் மஇகா தலைவராக முப்பது ஆண்டுக் காலம் பதில் சொல்லும் நாற்காலியில் இருந்தார். எதிரே கேட்டவர்களுக்கு அந்தப் பயிற்சியில் பாதியாவது இருந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

4. நம் பேட்டியின் குறை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆர்டிஎம் ஓர் அரசாங்கத் துறை. மின்னல் எஃப்எம் அதன் தமிழ் வானொலி. ஆஸ்ட்ரோ தனியார் ஒலிபரப்பு நிறுவனம் என்றாலும் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்று நடப்பது. பேட்டியாளருக்கு இருக்கும் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லன். அமைச்சரின் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அமைச்சரை மடக்கச் சொல்வது எளிது, செய்வது அரிது. ஆகவே யாரையும் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை.

ஆனால் எந்தச் சட்டமும் தடுக்காத காரியங்களையும் நாம் செய்யாமல் இருக்கிறோம். டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, மாண்புமிகு என்று பட்டங்களைச் சொல்லி முடிப்பதிலேயே பொழுது போகிறது. ஒரு மூச்சில் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். விருந்தினர் அவற்றில் எளிதானதைத் தேர்ந்துகொள்கிறார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து, “அப்படித்தானே டத்தோ?” என்று முடிக்கிறோம். அவர் பேசும்போது அடுத்த கேள்வித்தாளைப் பார்க்கிறோம், அவர் சொன்னதைக் கேட்பதில்லை. பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகச் சீவினால் பால் வராது. அந்தப் பக்குவத்தை வெட்டுக்காரர்கள் பழகிப் பழகிக் கற்றார்கள். கேள்வி கேட்பவரும் அப்படித்தான் கற்க வேண்டும்.

ஒரு மாதிரியைச் சொல்கிறேன். “தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினைக்கு விரைவில் தீர்வு காணப்படும்” என்கிறார் கூட்டரசு அமைச்சர் ஒருவர். “மிக்க மகிழ்ச்சி டத்தோ” என்றால் பேட்டி அங்கேயே முடிந்துவிட்டது. நம் அரசியல் சட்டப்படி நிலம் மாநில அரசின் அதிகாரம். இதைத் தெரிந்த பேட்டியாளர், “நிலம் அலோர்ஸ்டாரின் கையில் இருக்கிறது, டத்தோ. மந்திரி பெசாருக்கு எப்போது எழுதினீர்கள்? என்ன பதில் வந்தது?” என்பார். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தங்கும் இடத்தின் தரத்தைத்தான் பேசுகிறது. வேலையை விட்டபின் வீடு யாருடையது என்பது வேறு விஷயம். “நீங்கள் சொல்லும் தீர்வு தங்கும் வீட்டுக்கா, சொந்த வீட்டுக்கா?” என்பது அடுத்த கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது என்று 2025-இல் பெருமைப்பட்டவர்களிடம், மழை பெய்து பால்வெட்டு நின்ற மாதத்தில் அந்தத் தொகை கைக்கு வந்ததா என்று கேட்கலாம். இவற்றில் எதுவும் அவமரியாதை இல்லை. எதற்கும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

தேர்தல் காலம் இந்தக் கலைக்கு நல்ல களம். 2000 நவம்பர் 29-இல் நடந்த லுனாஸ் இடைத்தேர்தலில் மஇகா வேட்பாளர் 530 வாக்கில் தோற்றார். கெடா சட்டமன்றத்தில் அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையும் அதோடு போயிற்று. ஒரு சிறு தொகுதியின் தமிழ் வாக்காளர் என்ன நினைக்கிறார் என்று நாடே கேட்ட காலம் அது. 2009 ஏப்ரல் 7-இல் புக்கிட் செலம்பாவ் இடைத்தேர்தலில் 15 வேட்பாளர்கள் நின்றார்கள். அப்படிப்பட்ட தேர்தலில் ஒலிபரப்பாளர் செய்யக்கூடிய பெரிய தொண்டு, ஒரே கேள்வியை 15 பேரிடமும் ஒரே அளவு நேரத்தில் கேட்டு, பதில்களை வரிசையாக ஒலிபரப்புவது. எந்தக் கட்சிக்கும் சார்பில்லை, எவருக்கும் குறையில்லை. வித்தியாசத்தை மக்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

2022 பொதுத்தேர்தலில் பாடாங் செராயில் வேட்பாளராக நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் மு. கருப்பையா காலமானதால் வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப் போயிற்று. அதற்குள் கோலாலம்பூரில் ஆட்சி அமைந்துவிட்டது. எதிரெதிராக நின்ற தேசிய முன்னணியும் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் கூட்டாளிகள் ஆகிவிட்டன. தேசிய முன்னணி தன் வேட்பாளரை ஒதுங்கச் செய்தது. “சென்ற மாதம் இவரைப் பற்றி நீங்கள் சொன்னது சரியா, இன்று சொல்வது சரியா?” என்பது காப்பிக்கடைகளுக்கே உரிய கேள்வி. அதை ஒலிவாங்கியின் முன்னால் கொண்டு வருவதுதான் ஒலிபரப்பாளரின் தொழில்.

5. வேண்டுகோள்

மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். முதலாவது, ஒலிபரப்பில் இருக்கும் இளைஞர்களுக்கு: கேள்வித்தாளில் பாதியை வெறுமையாக விட்டுச் செல்லுங்கள், பதிலைக் கேட்டு நிரப்புங்கள். பட்டத்தை ஒரு தடவை சொன்னால் போதும். விருந்தினர் இதே பொருளைப் பற்றி முன்பு என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு: பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறீர்கள். பரிசும் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது கேள்விப் போட்டி நடத்துங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, அவர் பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள்.

மூன்றாவது, இந்த அறக்கட்டளைக்கும் நம் எல்லோருக்கும்: பழைய தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களத்தில் எழுந்து கேட்ட தலைமுறையில் சிலர் இன்னும் சுங்கைப்பட்டாணி, கூலிம், லுனாஸ் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடம் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதை இப்போதே பதிவு செய்யுங்கள். அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் ஊருக்கு வரும்போது கேட்பதற்கு அதில் நிறையக் கேள்விகள் கிடைக்கும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவர் கிளம்பத்தான் பார்ப்பார். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்.